ஐரோப்பா சொந்தமாகச் சிப் செய்யுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய சிப்ஸ் சட்டம், சிப்ஸ் சட்டம் என்கிறார்களே, அது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் பொதுவான சட்டம். 2022 பிப்ரவரியில் முன்மொழிந்தார்கள், 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது ஆராய்ச்சிக்கும் சோதனை உற்பத்திக்கும் பணம். இரண்டாவதுதான் எல்லோரும் பேசுவது: சிப் ஆலை கட்ட வருகிற நிறுவனங்களுக்கு உறுப்பு நாடுகள் பெரிய அளவில் மானியம் தர வழி. மூன்றாவது, அடுத்த தட்டுப்பாடு வருவதற்கு முன்பே மோப்பம் பிடிக்கக் கண்காணிப்பு ஏற்பாடு, வந்துவிட்டால் யாருக்கு முதலில் சரக்கு என்று ஆலைகளுக்குச் சொல்லும் அதிகாரம்.

இரண்டாவது பகுதியை விளக்காமல் விட்டால் மற்றது புரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டு அரசு தன் இஷ்டத்துக்கு ஒரு நிறுவனத்துக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்க முடியாது. சந்தைப் போட்டியைக் கெடுக்கிறது என்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் தடுத்துவிடும். சிப்புக்கு மட்டும் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். நிபந்தனை, அந்த ஆலை 'ஐரோப்பாவில் இதுவரை இல்லாத வகை' என்று காட்ட வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மானிய அறிவிப்பிலும் இந்த ஆலையில் அப்படி என்ன புதுசு என்று நீட்டி முழக்கி எழுதுவார்கள்.

இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு 2021இல் திடீரென ஏன் விழித்துக்கொண்டார்கள்?

கார். வேறு காரணம் தேட வேண்டாம்.

2020இல் கொரோனா வந்ததும் கார் நிறுவனங்கள் இனி யார் கார் வாங்கப்போகிறார்கள் என்று சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தை லேப்டாப்பும் போனும் தயாரிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் கார் விற்பனை மீண்டபோது இவர்களுக்கு வரிசையின் கடைசியில்தான் இடம். போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனியால் மின்சாரம் போய் அங்கிருந்த ஆலைகள் நின்றன, மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் என்ற சிப் நிறுவனத்தின் ஆலையில் தீ. முழுசாகத் தயாரான கார்கள் ஒரு சின்ன சிப் இல்லாமல் மைதானம் மைதானமாக நின்றன. ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக இருந்த பீட்டர் அல்ட்மயர் 2021 ஜனவரியில், எங்கள் கார்களுக்குச் சிப் தரும்படி உங்கள் நாட்டுச் சிப் தயாரிப்பு நிறுவனமான டி.எஸ்.எம்.சியிடம் கொஞ்சம் சொல்லுங்கள் என்று தைவான் அரசுக்குக் கடிதமே எழுதினார். உலகின் பெரிய கார் நாடுகளில் ஒன்று இப்படிக் கேட்டு நிற்க வேண்டிய நிலை வந்தது என்பதுதான் பெர்லினையும் பிரஸ்ஸல்ஸையும் உறுத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வொன் டெர் லையன் சிப்ஸ் சட்டத்தை அறிவித்தார்.

அப்படியென்றால் ஐரோப்பாவில் சிப் தொழிலே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஜெர்மனியின் இன்ஃபினியன், நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி, பிரான்சும் இத்தாலியும் பங்கு வைத்திருக்கும் எஸ்.டி மைக்ரோ இந்த மூன்றும் காருக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் மின்சாரக் கட்டுப்பாட்டுக்கும் வேண்டிய சிப்களில் உலகின் முன்வரிசை. இன்ஃபினியன் முன்பு சீமென்ஸின் பிரிவு, என்.எக்ஸ்.பி முன்பு பிலிப்ஸின் பிரிவு. எஸ்.டி மைக்ரோ 1987இல் ஓர் இத்தாலிய நிறுவனமும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து உருவானது.

இல்லாதது எது என்றால், போன், கணினி, செயற்கை நுண்ணறிவு சர்வர் ஆகியவற்றுக்குள் இருக்கும் மிக நுண்ணிய சிப்களைப் பெருமளவில் தயாரிக்கும் சொந்த நிறுவனம். நினைவகச் சிப்பில் கிமோண்டா என்று ஒரு ஜெர்மன் நிறுவனம் இருந்தது, 2009 ஜனவரியில் திவாலானது. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

அந்த 20 சதவீத இலக்கு நடக்குமா?

நடக்காது. நான் சொல்லவில்லை, அவர்களுடைய தணிக்கை மன்றமே சொல்லிவிட்டது.

இலக்கு இதுதான்: உலகச் சிப் உற்பத்தியில், மதிப்பின் அடிப்படையில், ஐரோப்பாவின் பங்கை 2030க்குள் 20 சதவீதமாக்குவது. 2022இல் பங்கு 9.8 சதவீதம். ஆணையம் 2024 ஜூலையில் போட்ட கணக்குப்படியே 2030இல் அது 11.7 சதவீதத்தைத்தான் தொடும். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய தணிக்கை மன்றம் இதையெல்லாம் எடுத்து வைத்து, இலக்கை எட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம் என்று எழுதியது. உலகச் சந்தையும் வேகமாக வளர்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பங்கு இரட்டிப்பாக வேண்டுமென்றால் உற்பத்தி வெறும் இரண்டு மடங்கானால் போதாது, அதைவிடக் கணிசமாக ஏற வேண்டும்.

இதில் வேடிக்கை, இந்த 20 சதவீதம் புதிய எண்ணே இல்லை. 2013 மே மாதம் அப்போதைய ஆணையத் துணைத் தலைவர் நீலி குரூஸ் ஒரு திட்டத்தை வெளியிட்டார், அதிலும் உலக உற்பத்தியில் 20 சதவீதம்தான் இலக்கு. எட்டவில்லை. எட்டு வருடம் கழித்து ஆண்டை மட்டும் மாற்றி அதே எண்ணை மறுபடியும் மேடையேற்றினார்கள். எந்தச் சிப், யாருக்காக, எவ்வளவு என்று கீழிருந்து கூட்டி வந்த எண்ணாக இருந்தால் இப்படி அப்படியே திரும்பி வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

4,300 கோடி யூரோ என்றார்களே, அந்தப் பணம் எங்கே?

சட்டம் வந்தபோது தலைப்புச் செய்தியான எண் அது. அரசுப் பணமும் தனியார் பணமும் சேர்த்து 2030 வரை 'திரட்டப்படும்' தொகை. திரட்டப்படும் என்ற சொல்லைக் கவனியுங்கள், ஒன்றியத்தின் கையிலிருந்து தரப்படும் என்று யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சிப் பகுதிக்கு ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து வருவது 330 கோடி யூரோ. தணிக்கை மன்றக் கணக்கில் 2030 வரையிலான மொத்த முதலீடு சுமார் 8,600 கோடி, அதில் ஆணையத்தின் பொறுப்பில் இருப்பது 450 கோடி, அதாவது 5 சதவீதம். மீதி உறுப்பு நாடுகளும் நிறுவனங்களும் போடுவது. 2020க்கும் 2023க்கும் இடையிலான மூன்று ஆண்டுகளில் உலகின் முன்னணிச் சிப் நிறுவனங்கள் ஒதுக்கிய முதலீடு 40,500 கோடி யூரோ என்பதையும் அதே அறிக்கை பக்கத்தில் வைக்கிறது.

விளைவு என்ன? எந்த நாட்டிடம் பணம் இருக்கிறதோ அங்கே ஆலை. முக்கியமாக ஜெர்மனி, அப்புறம் பிரான்ஸ், இத்தாலி. சின்ன நாடுகளுக்கு இதில் மனக்கசப்பு உண்டு, நியாயமானதுதான். ஜெர்மனியிடமும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. 2023 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் காலநிலை நிதியில் 6,000 கோடி யூரோவைச் செல்லாது என்று அறிவித்தது. சிப் ஆலை மானியத்துக்குப் பணம் வரவிருந்தது அந்த நிதியிலிருந்துதான். அரசு எப்படியோ சமாளித்தது, ஆனால் சில வாரங்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது.

ஜெர்மனியின் மக்டபர்க்கில் அமெரிக்காவின் இன்டெல் ஆலை வருவதாகப் பெரிதாகச் சொன்னார்களே?

வரவில்லை, இனி வராது.

2022 மார்ச்சில் 1,700 கோடி யூரோ திட்டமாக அறிவித்தார்கள். 2023 ஜூனில் அது 3,000 கோடியைத் தாண்டியது, ஜெர்மன் அரசின் மானியமும் 680 கோடியிலிருந்து 990 கோடி யூரோவுக்கு ஏறியது. ஒரே நிறுவனத்துக்கு 990 கோடி! பெர்லினில் அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பகுதி மண் ஜெர்மனியின் மிக வளமான கறுப்பு மண் என்பதால், மேல்மண்ணை முறைப்படி எடுத்து வேறு நிலத்தில் சேர்த்த பிறகே கட்டலாம் என்ற சிக்கல் வேறு இருந்தது. 2024 செப்டம்பரில் இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறோம் என்றது இன்டெல். 2025 ஜூலையில் கைவிட்டது. போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் அருகே கட்டுவதாக இருந்த சோதனை, பேக்கேஜிங் (சிப்பை வெட்டிப் பொதிந்து முடிப்பது) ஆலையும் அதோடு போனது.

இன்டெல் சொந்த நாட்டிலேயே பணத்துக்குத் திண்டாடியது என்பது உண்மை, பெரும்பாலும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். மக்டபர்க்கில் செய்யவிருந்தது உலகின் மிக நுண்ணிய வகைச் சிப். அதை ஐரோப்பாவில் யார் வாங்குவார்கள்? நோக்கியாவின் போன் தொழில் முடிந்து பல காலம் ஆகிறது, பெரிய கணினி நிறுவனமும் சர்வர் நிறுவனமும் இங்கே குறைவு. வாங்குகிறவர்கள் எல்லாம் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கும்போது ஆலையை மட்டும் கொண்டுவந்து நடுவில் நட்டால், அது மானியத்தின் பலத்தில் மட்டுமே நிற்கும். மானியம் கொடுத்தும் நிற்கவில்லை என்பதை இப்போது பார்த்துவிட்டோம்.

ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் மட்டும் எப்படி வேலை நடக்கிறது?

ஏனென்றால் அங்கே வாங்குகிறவனே பங்குதாரர்.

ட்ரெஸ்டனில் எழும் ஆலையின் பெயர் ஈ.எஸ்.எம்.சி. அதில் 70 சதவீதம் தைவானின் டி.எஸ்.எம்.சிக்கு, கார் பாகங்கள் செய்யும் பாஷ், இன்ஃபினியன், என்.எக்ஸ்.பி மூன்றுக்கும் தலா 10 சதவீதம். மொத்த முதலீடு 1,000 கோடி யூரோவுக்கு மேல், அதில் 500 கோடி ஜெர்மன் அரசு மானியம். 2024 ஆகஸ்ட் 20இல் அடிக்கல். முழுமையாக இயங்கும்போது மாதம் 40,000 வேஃபர் (சிப்கள் செய்யப்படும் வட்டமான சிலிக்கான் தகடு), சுமார் 2,000 பேருக்கு நேரடி வேலை. 2027 இறுதிக்குள் உற்பத்தி தொடங்குவது திட்டம். ஆலை திறக்கும் முன்பே யார் வாங்கப்போகிறார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது. மக்டபர்க்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் ஊர். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோதே, 1961இலிருந்து ட்ரெஸ்டனில் மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் ஆய்வு நடந்தது. 1988இல் ஒரு மெகாபிட் சிப்பைச் செய்து அதிபர் ஹோனக்கரிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் பெர்லின் சுவர் விழுந்தது. நாடு போனது, ஆனால் கை தேர்ந்த ஆட்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களை நம்பித்தான் 1990களில் சீமென்ஸ் வந்தது, பிறகு அமெரிக்காவின் ஏ.எம்.டி வந்தது. ஏ.எம்.டி ஆலை இன்று குளோபல்ஃபவுண்ட்ரீஸ் கையில், சீமென்ஸ் ஆலை இன்ஃபினியன் கையில். 2021இல் பாஷ் திறந்தது. இன்ஃபினியன் 500 கோடி யூரோவில் இன்னொன்று கட்டுகிறது, அதற்கு 92 கோடி மானியத்தை 2025 பிப்ரவரியில் ஆணையம் அனுமதித்தது. தண்ணீர், தூய வாயு, பழுது பார்க்கும் நிறுவனங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் ஒரே ஊரில் கிடைப்பதற்கு 60 வருடம் ஆகியிருக்கிறது. புதிய ஊரில் அதை மானியம் கொடுத்து ஐந்து வருடத்தில் வாங்க முடியாது.

ஆனால் ட்ரெஸ்டனில் செய்யப்போவது 28 நானோமீட்டர், அது பழைய தொழில்நுட்பம்தானே?

28/22, அப்புறம் 16/12 நானோமீட்டர். இந்த எண் குறையக் குறையச் சிப் நுண்ணியது, புதியது. தைவானில் 3 நானோமீட்டர் பெருமளவில் ஓடும்போது இது பழசு என்றுதான் தோன்றும். ஆனால் காரின் பிரேக்கையும் எஞ்சினையும் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் சிப்புக்கு 3 நானோமீட்டர் எதற்கு? அதற்கு வேண்டியது வெயில், குளிர், குலுக்கல் எல்லாம் தாங்கிப் பதினைந்து வருடம் உழைப்பது. 2021இல் ஐரோப்பாவின் கார் ஆலைகளை நிறுத்தியதும் இந்த ரகச் சிப்களும் இதைவிடப் பழையவையும்தான். பழசைச் சொந்தமாக வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமைச்சர்கள் ரிப்பன் வெட்டும்போது 2 நானோமீட்டர் என்று சொல்ல முடியாது, அந்த வருத்தம் மட்டும் இருக்கும்.

மற்ற ஊர்களில் அறிவித்த ஆலைகள்?

பிரான்சின் கிரோலில் எஸ்.டி மைக்ரோவும் குளோபல்ஃபவுண்ட்ரீஸும் சேர்ந்து 2022இல் அறிவித்த பெரிய திட்டம், 290 கோடி யூரோ மானியம் அனுமதிக்கப்பட்ட பிறகும், தேங்கிவிட்டது. ஜெர்மனியின் சார்லாந்தில் அமெரிக்காவின் உல்ஃப்ஸ்பீட் கட்டுவதாக இருந்த, மின்சார வாகனங்களுக்கான சிலிக்கான் கார்பைடு சிப் ஆலை அப்படியே நின்றது. அந்த நிறுவனம் 2025 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. சிசிலியின் கட்டானியாவில் எஸ்.டி மைக்ரோவின் சிலிக்கான் கார்பைடு வளாகம் இத்தாலியின் 200 கோடி யூரோ உதவியோடு எழுகிறது. மின்சார வாகனச் சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளராததால் இந்த ரகத்தில் எல்லோருமே கொஞ்சம் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஏ.எஸ்.எம்.எல் ஐரோப்பிய நிறுவனம்தானே? அதை வைத்துக்கொண்டு ஐரோப்பா ஏன் பயப்படுகிறது?

நல்ல கேள்வி. நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் இருக்கும் ஏ.எஸ்.எம்.எல் தவிர உலகில் வேறு யாரும் மிக நுண்ணிய சிப்களின் வடிவத்தை ஒளியால் வரையும் இ.யூ.வி லித்தோகிராபி இயந்திரத்தை விற்பதில்லை. நொடிக்கு 50,000 உருகிய தகரத் துளிகளை லேசரால் அடித்து 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்கி, கண்ணாடிகளால் அதைத் திருப்பி வேஃபரில் கோடு போடுகிற இயந்திரம் அது. லேசர் ஜெர்மனியின் ட்ரும்ஃப், கண்ணாடி ஜெர்மனியின் ஜெய்ஸ். பெல்ஜியத்தின் லூவனில் ஐமெக் ஆய்வகம் இருக்கிறது, அடுத்த தலைமுறைச் சிப்பை எப்படிச் செய்வது என்று உலகின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அங்கேதான் சேர்ந்து முயன்று பார்க்கின்றன.

இதெல்லாம் பெரிய பலம். ஆனால் இயந்திரம் விற்பவன் கையில் சிப் இருக்காது, தட்டுப்பாடு வந்தால் அவனும் வரிசையில்தான். அதோடு அந்தப் பலத்தையும் ஐரோப்பா தன் விருப்பப்படி மட்டும் பயன்படுத்த முடிவதில்லை. சீனாவுக்கு இ.யூ.வி இயந்திரம் போகாமல் நிற்பதற்கும், 2023 செப்டம்பரிலிருந்து முந்தைய தலைமுறை இயந்திரங்களில் சிலவற்றுக்கும் உரிமம் கட்டாயமானதற்கும் பின்னால் அமெரிக்காவின் அழுத்தம் இருந்தது ஊரறிந்த விஷயம்.

நெதர்லாந்து அரசு செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்தது. இடம் போதவில்லை, வெளிநாட்டு ஆட்களை வரவழைப்பது கடினமாகிறது, வேறு நாட்டில் வளரலாமா என்று பார்க்கிறோம் என ஏ.எஸ்.எம்.எல் முணுமுணுத்தபோது, 2024 மார்ச்சில் 250 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அது ஆலைக்கு இல்லை. வெல்ட்ஹோவனை ஒட்டிய ஐந்தோவன் பகுதியில் வீடு, சாலை, மின்கட்டமைப்பு, தொழில்கல்வி ஆகியவற்றுக்கு. செய்தியில் பெரிதாக வராது, ஆனால் அந்த நிறுவனம் நாளைக்குக் கிளம்பிப் போனாலும் வீடும் பள்ளியும் ஊரிலேயே இருக்கும்.

நெக்ஸ்பீரியா விவகாரம் என்ன?

மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் புரட்டிப்போட்ட சம்பவம். நெக்ஸ்பீரியா நெதர்லாந்தின் நைமேகனில் தலைமையகம் கொண்ட நிறுவனம், உரிமையாளர் சீனாவின் விங்டெக். செய்வது டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற மிகச் சாதாரணச் சாமான்கள், ஒன்று சில சென்ட்தான் விலை, ஆனால் ஒவ்வொரு காரிலும் நூற்றுக்கணக்கில் போகும். 2025 செப்டம்பர் 30இல் நெதர்லாந்து அரசு, 1952இல் இயற்றிய ஒரு சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, தொழில்நுட்பமும் உற்பத்தியும் வெளியே போய்விடக் கூடாது என்று நிறுவனத்தின் முடிவுகளில் தலையிட்டது. அடுத்த சில நாட்களில், அதன் சீன ஆலையிலிருந்து சரக்கு வெளியே போகத் தடை போட்டது பெய்ஜிங்.

சிக்கல் என்னவென்றால், ஹாம்பர்க் போன்ற ஐரோப்பிய ஊர்களில் வேஃபரில் செய்த சிப்களில் பெரும்பகுதி, வெட்டிப் பொதிந்து முடிக்கச் சீனாவுக்குத்தான் போகும். சிப் ஐரோப்பாவில் பிறந்தது என்பதால் ஒரு பயனும் இல்லை. ஹோண்டா மெக்சிகோவில் ஆலையை நிறுத்தியது, ஐரோப்பியக் கார் நிறுவனங்கள் இன்னும் எத்தனை நாளைக்குச் சரக்கு இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தன. நவம்பர் 19இல் நெதர்லாந்து தன் உத்தரவை நிறுத்திவைத்தது.

990 கோடி யூரோ மானியம் பேசிய கண்டம் சில சென்ட் டையோடுக்குத் தவித்தது. ஆலை ஆலை என்று பேசியவர்கள் பேக்கேஜிங்கைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. இத்தாலியின் நோவாராவில் சிலிக்கான் பாக்ஸ் ஆலைக்கு 2024 டிசம்பரில் அனுமதித்த 130 கோடி யூரோ மானியம் போன்ற ஓரிரண்டு விதிவிலக்குகள் உண்டு. அதுவும் உயர்ரகப் பேக்கேஜிங், டையோடுக்கு உதவாது. சட்டத்தில் இருக்கும் நெருக்கடிக் கால ஏற்பாடு இந்தச் சமயத்தில் பெரிதாகக் கைகொடுத்தது என்று சொல்ல முடியவில்லை.

பிரிட்டன் இதில் இருக்கிறதா?

ஒன்றியத்தை விட்டு வெளியே போய்விட்டதால் தனி வழி. 2023 மே மாதம் பத்து வருடத்துக்கு 100 கோடி பவுண்டு என்று ஒரு திட்டம் வெளியிட்டது, வடிவமைப்பிலும் ஆய்விலும் கவனம். வேல்ஸின் நியூபோர்ட் ஆலையை நெக்ஸ்பீரியா வாங்கியபோது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி விற்க வைத்ததும் பிரிட்டன்தான், 2022 நவம்பரிலேயே.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால்?

அமெரிக்கச் சட்டம் 2022 ஆகஸ்டில் வந்தது, 5,270 கோடி டாலர், ஒரே கருவூலம், வணிகத் துறை என்ற ஒரே மேசை. ஐரோப்பாவில் நிறுவனம் முதலில் ஒரு நாட்டு அரசிடம் பேச வேண்டும், பிறகு அந்த அரசு பிரஸ்ஸல்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் அமெரிக்காவிலும் எல்லாம் சுமுகம் இல்லை. 2025 ஆகஸ்டில் மானியத்துக்குப் பதிலாக இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை அரசே எடுத்துக்கொண்டது.

சிப்ஸ் சட்டம் 2 என்கிறார்களே, அதில் என்ன மாறும்?

2025 மார்ச்சில் நெதர்லாந்து முன்னின்று ஒன்பது நாடுகளைச் சேர்த்தது, செப்டம்பரில் 27 நாடுகளும் கையெழுத்திட்டு சட்டத்தைத் திருத்தச் சொன்னார்கள். அனுமதியை வேகமாக்கு, ஆட்களைப் பயிற்றுவி, பணத்தைச் சரியாகக் குறிவை என்பதெல்லாம் கோரிக்கைகள். சந்தைப் பங்கு என்ற ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, எந்தச் சிப் இல்லாவிட்டால் எந்தத் தொழில் நிற்கும் என்று பட்டியல் போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, கார், பாதுகாப்பு, மின்சாரத் துறை நிறுவனங்களை 'ஐரோப்பியச் சிப்பில் இத்தனை பங்கு வாங்குகிறோம்' என்று கையெழுத்துப் போட வைப்பது. அவர்கள் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று சொல்வார்களா என்றால், இதுவரை சொன்னதில்லை. தட்டுப்பாடு வரும்போது அரசிடம் ஓடுவார்கள், அது தீர்ந்ததும் மலிவான இடத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தத் துறையில் அங்கே படிக்க, வேலைக்குப் போக நினைக்கிறேன். எந்த ஊரைப் பார்க்கலாம்?

அறிவிப்புகளை நம்பிப் போகாதீர்கள், மக்டபர்க்கை நம்பிப் படிப்பைத் தேர்ந்தவர்கள் இப்போது வேறு ஊர் தேட வேண்டியதுதான். ஏற்கெனவே ஆலையும் ஆய்வகமும் ஓடுகிற ஊர்களைப் பாருங்கள்: ட்ரெஸ்டன், லூவன், ஐந்தோவன், கிரெனோபிள், ஆஸ்திரியாவில் வில்லாக். ட்ரெஸ்டனில் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களைத் தைவானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை டி.எஸ்.எம்.சி நடத்துகிறது, விசாரித்துப் பாருங்கள். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதும், ஆலைத் தளத்தில் வேலை என்றால் உள்ளூர் மொழி வேண்டும். ஜெர்மனை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.